பன்னிரண்டு கண்ணாடி அலமாரிகள்

மாலையில் நடக்க வரும் நம் கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அந்த மனுத் தாள் என்னிடம் வந்து நான்கு நாளாகிறது. மதிலுக்கு அப்பால் இருக்கும் அரசுக் குடியிருப்பில் தகுதியில்லாதவர்கள் புகுந்துவிட்டார்கள், வீட்டுக்கு வீடு சிவப்பு ஸ்கூட்டர் நிற்கிறது, விசாரிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நல்ல கையெழுத்து, நல்ல நடை. பேனாவை எடுத்தேன், மூடினேன், மறுபடி எடுத்தேன். "கிழவிக்குக் கை நடுங்குது போல" என்று உங்களில் ஒருத்தி சிரித்தது எனக்கும் கேட்டது. கை நடுங்கவில்லை, தாயே. மூக்கில் இஞ்சி வாசனை ஏறிவிட்டது. அது ஏறினால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

மலையாளக் கரையில், காயலோரத்து மட்டாஞ்சேரியில், இஞ்சி காயும் மாதங்கள் அவை. மழை முடிந்து, காற்றில் லேசான குளிர் வந்து, கிடங்கு முற்றங்கள் முழுவதும் சுண்ணாம்பு தடவிய இஞ்சியைப் பரப்பியிருப்பார்கள். வெயில் ஏற ஏற அந்த வெள்ளைத் தூசி எழுந்து தெருவில் மிதக்கும். எதிரில் வருகிறவர் பாதி தெரிவார், பாதி தெரியமாட்டார். மிளகு நெடியும் காயலின் உப்பும் அதோடு சேரும். எனக்கு ஒன்பது வயது. அந்தத் தெருவில் நடப்பதும் தூங்குவதும் எனக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தும்மல் வந்தால்தான் விழித்திருக்கிறேன் என்று தெரியும்.

முனிசிப்பாலிட்டி கட்டிய லைன் வீட்டில் நாங்கள் இருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், எல்லோருக்கும் ஒரு குழாய். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கதியற்றவர்களுக்கும் என்று குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. அத்தா மிளகுக் கிடங்கில் சுமை தூக்கினார். எங்களுடையது ஐந்தாம் அறை. அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர்கள் கூரை வரை போகாது, ஆள் உயரத்துக்கு மேல் நின்றுவிடும். அதனால் ஒரு வீட்டில் மீன் வறுத்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் வாய் ஊறும். சாயங்காலம் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தமிழும் மலையாளமும் கொங்கணியும் ஓட்டுக்கு அடியில் ஒன்றாகக் கலந்து ஓடிக்கொண்டிருக்கும். யாருடைய இருமல், யாருடைய சிரிப்பு, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே கண்ணை மூடுவேன். அவ்வளவு நிம்மதியான உறக்கம் எனக்குப் பிறகு எந்த வீட்டிலும் வாய்க்கவில்லை.

தெருவில் எங்களுக்குப் பெயர் 'ஓசி லைன்'. மாதாமாதம் அத்தா வாடகை கட்டத்தான் செய்தார். ஆனாலும் கடைக்குப் போனால், "ஓசி லைன் குட்டி வந்திருக்கு, என்ன வேணும்னு கேளு" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பால்பொடியைக் கரைத்து ஊற்றும்போது, "உங்க லைனுக்கு எல்லாமே சும்மா வரும்" என்று வாத்திச்சி சிரித்துக்கொண்டே ஊற்றுவார். நல்ல மனுஷிதான். எனக்கு மட்டும் இன்னொரு அரைக் கரண்டி ஊற்றுவார். அந்தப் பால் கட்டி கட்டியாக மேலண்ணத்தில் ஒட்டும். நாக்கால் தள்ளித் தள்ளி மதியம் வரை அதைத் தின்னலாம்.

பால்பொடி வரும் அட்டை டிரம்களை, காலியானதும் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வருவோம். லைனில் எல்லா வீட்டிலும் அதுதான் துணிப்பெட்டி, அதுதான் நாற்காலி. எதிர் மாடியில் ஒருவர் இருந்தார். கப்பல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மனைவி இல்லை, காலையிலிருந்து இருட்டும் வரை ஜன்னலில் இருப்பார். நாங்கள் அவரை மாடிக்காரர் என்போம். அம்மா ஒரு டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு வந்த பால்பொடியை லைன்காரிகள் மூட்டையாகக் கடத்துகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இதே மனிதர்தான் எங்களைக் கண்டால் மேலிருந்து ஆரஞ்சுச் சுளை போன்ற நாரங்கா மிட்டாய் போடுவார். பாவாடையை ஏந்திப் பிடிப்போம். அத்தா அவரை "சைத்தான்" என்பார், நான் மிட்டாயைச் சப்பிக்கொண்டே தலையாட்டுவேன்.

இனி அலமாரிக்கு வருகிறேன்.

எங்கள் லைனில் பன்னிரண்டாம் அறையில் இருந்தவர் ஒரு கிறிஸ்தவச் சேச்சி. கணவர் தோணி கவிழ்ந்து போனவர், பிள்ளை கிடையாது. யூதத் தெருவில் ஒரு வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார். அந்த வீட்டார் ஒரு நாள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பலேறி இஸ்ரேலுக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் அப்படித் தெருவே காலியாகிக்கொண்டிருந்தது. போகும்போது வீட்டம்மா சேச்சியின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, விலைபோகாமல் நின்ற ஒரு அலமாரியை அவருக்குக் கொடுத்தார். ஈட்டி மரம். கதவு முழுவதும் பெல்ஜியம் கண்ணாடி. ஒரு மூலையில் ரசம் உதிர்ந்து, தோணி போல ஒரு கறை. பித்தளைக் கைப்பிடி எப்போதோ விழுந்து, அந்த இடத்தில் ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது. திறந்தால் உள்ளே இன்னும் அந்த வீட்டு வாசனை இருக்கும். கிராம்பும் பழைய துணியும் எதுவோ ஓர் இனிப்பும். சேச்சி கேட்காமலே எங்களைத் திறந்து முகரவிடுவார். அதில் வைக்க அவரிடம் இரண்டு சட்டையும் முண்டும்தான் இருந்தன.

எங்கள் லைனில் அதுவரை யாரும் தங்களைத் தலை முதல் கால் வரை பார்த்ததில்லை. நான் முதன்முதலில் அதன் முன் நின்றபோது, எதிரே நின்ற ஒல்லிக் குட்டியைப் பார்த்து நகர்ந்து வழிவிட்டேன். அவளும் வழிவிட்டாள்.

முதலில் யார் கேட்டார்கள் என்று நினைவில்லை. ஏதோ ஒரு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், அறையில் அட்டை டிரம்மைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு நாளைக்கு அலமாரியைக் கொடு சேச்சி என்று கேட்டார்கள். சேச்சி கொடுத்தார். பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. எந்த அறையில் பெண் பார்க்க வந்தாலும் முந்திய நாள் அலமாரி அங்கே போகும். அத்தாவும் கிடங்கு ஆட்களும் ஆறு பேராகச் சேர்ந்து, தலையில் சும்மாடு வைத்து, சேச்சியின் அறைக்குப் பின்பக்கமாக எடுத்து, தெருமுனையைச் சுற்றி, பட்டப்பகலில், சத்தம் போட்டுக்கொண்டு தெருப்பக்கமாகத் தூக்கிப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தவர் யாராவது பார்த்துப் போய்ச் சொல்லட்டும் என்றுதான் அந்த ஆர்ப்பாட்டம். திரும்பி வரும்போது சத்தமே இருக்காது. விடிவதற்குள், பின்பக்கமாக, குழாயடி வழியே சேச்சியின் அறைக்கு வந்துவிடும்.

அது தெருவில் போவதைப் பார்க்க வேண்டுமே! கண்ணாடி வெளிப்பக்கம் இருக்கும். வெள்ளைத் தூசிக்குள் ஆறு ஜோடிக் கால்கள் நடக்க, அவற்றுக்கு மேலே எங்கள் லைன் முழுவதும் கண்ணாடிக்குள் நகர்ந்து போகும். கதவுகள், கொடியில் காயும் துணி, வாசல்களில் நிற்கும் பெண்கள், எதிர் மாடி, மாடியின் ஜன்னலில் மாடிக்காரர். பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். மாடியிலிருந்து பார்த்த மனிதருக்கு, ஓசி லைனில் மாதம் ஒரு வீட்டுக்குள் புத்தம் புதிய கண்ணாடி அலமாரி நுழைகிறது. உள்ளே போவதைத்தான் அவர் பார்த்தார். வெளியே வந்ததை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

போதாததற்கு நாங்கள் வேறு. பள்ளிக்கூடத்தில் லைன் பிள்ளைகள் ஒவ்வொருவரும், "எங்க வீட்டுல ஆளுயரக் கண்ணாடி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்கவில்லை. அதிகமாகச் சொன்னது நான்.

எங்கள் அக்காவுக்கு அந்தப் பருவத்தில் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டு இடம் வந்து, லைன் வீடு என்று தெரிந்ததும் திரும்பிப் போயிருந்தார்கள். மூன்றாவதாக ஓர் இடம் காயலுக்கு அக்கரையிலிருந்து வந்தது. கலூர். அன்று கலூர் என்றால் வயலும் தென்னந்தோப்பும்தான். பையனுக்கு அக்கரைக் கடைத்தெருவான பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை. அவன் தாயார், கூட இரண்டு பெண்கள், வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா இரவெல்லாம் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அவள் மூச்சு விடுவதிலேயே தெரிந்தது.

அதே வாரத்தில்தான் மற்றொரு செய்தியும் வந்தது. மாடிக்காரர் முனிசிப்பாலிட்டிக்கு மனு கொடுத்துவிட்டார். லைனில் பன்னிரண்டு வீட்டிலும் கண்ணாடி அலமாரி இருக்கிறது, பணக்காரர்கள் ஏழைகளின் அறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், படகுத்துறையில் படுத்துக் கிடப்பவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று. வசதி உள்ளவர்களை அறையைவிட்டு இறக்கிவிடலாம் என்று விதி உண்டு. எப்போது வேண்டுமானாலும் ஆள் வரும் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

அப்படியும் வியாழக்கிழமை அலமாரி எங்கள் அறைக்கு வந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏ குட்டி, நல்லா கேட்டுக்கோ. நாளைக்கு வர்ற பொம்பளைங்க அலமாரி ஆருதுன்னு கேட்டா, நம்மளுதுன்னு சொல்லணும்."

"சரிம்மா."

"முனிசிப்பாலிட்டி ஆளு வந்து கேட்டா, நம்மளுது இல்லன்னு சொல்லணும்."

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா?"

"போடி கிறுக்கி. அவுக எதுக்குடி ஒண்ணா வரப் போறாங்க?" என்று அம்மா சிரித்தார். சுவர்களுக்கு மேலே பக்கத்து அறைகளும் சிரித்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்ததும் அவர்கள் வந்தார்கள். வெள்ளைத் துப்பட்டிக்குள் மூன்று பெண்கள். மாப்பிள்ளையின் தாயார் நடுவில். அவர் கழுத்தில் கனமான ஒரு சங்கிலி. அம்மா பாய் விரித்தார், நெய்யப்பமும் சாயாவும் தட்டில் மல்லிகைச் சரமும் வந்தன. அக்கா முக்காடு போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள். மாப்பிள்ளையின் தாயார் அலமாரியைப் பார்த்தார். எழுந்து போய் அதன் நீலக் கயிற்றை லேசாகத் தொட்டார். பிறகு வந்து உட்கார்ந்தார். அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. காரியம் பலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அப்போது லைனின் அந்தக் கோடியில் சத்தம் கேட்டது. சுவர்களுக்கு மேலாக, ஆள் வருவதற்கு முன்னால் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது. முனிசிப்பாலிட்டிக்காரர் வந்துவிட்டார். பன்னிரண்டாம் அறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். பன்னிரண்டு, பதினொன்று, பத்து. எங்கும் அலமாரி இல்லை. அத்தா எழுந்தார், உட்கார்ந்தார். ஆறு ஆள் தூக்கும் சாமானை எங்கே ஒளிப்பது?

காக்கிச் சட்டையும் கறுப்புக் குடையுமாக அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் லைன் முழுவதும் நின்றது, முன்னால் சேச்சி. எதிர் மாடி ஜன்னலில் மாடிக்காரர். காக்கிச் சட்டைக்காரர் அலமாரியைப் பார்த்தார்.

"இது ஆருடெயா?"

 எங்களுடையது என்றால் அறை போகும். இல்லை என்றால் பாயில் இருக்கும் பெண்கள் முன்னால் வேஷம் கலையும், அக்காவின் வாழ்க்கை போகும். சேச்சியுடையது என்றால் அவர் அறை போகும், அவருக்கு வேறு நாதி இல்லை. சேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தா கையைக் காட்டி, வேண்டாம் என்று தடுத்தார். தடுத்துவிட்டு அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மனிதர் சுற்றிலும் பார்த்துவிட்டு, என்னையாவது சொல்லவைக்கலாம் என்று குனிந்தார். "மோளே, நீ பற. ஆருடெ அலமாரி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பாவம், எதைச் சொல்லச் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். அதற்குள் எல்லோரும் இருந்தார்கள். அத்தா, அம்மா, சேச்சி, வெள்ளைத் துப்பட்டிகள், திரையின் இடுக்கில் அக்காவின் ஒரு கண். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த ஒல்லிக் குட்டி, அன்று மட்டும் பூப்போட்ட பாவாடையில்.

"எங்களுது" என்றேன்.

அம்மா முதலில் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். இந்த வயதில் உங்களிடம் என்ன மறைப்பு? அது எங்களுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசைதான் பேசியது.

காக்கிச் சட்டைக்காரர் நோட்டைத் திறந்தார். 

"சாரே, ஒரு நிமிஷம்." மாப்பிள்ளையின் தாயார் எழுந்து நின்றார். "அது சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? அலமாரி எங்களுது. மருமகளுக்குன்னு அக்கரையிலிருந்து நாங்க கொண்டு வந்தது."

"பெண்ணு காணான் வரும்போ அலமாரியோ?"

"எங்க குடும்பத்துல அதாக்கும் வழக்கம்."

"மருமகள் ஆயில்லல்லோ."

 மாப்பிள்ளையின் தாயார் தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, திரையை விலக்கி, அக்காவின் முக்காட்டைத் தள்ளி, தலையில் வைத்தார். பூ வைத்துவிட்டால் எங்களில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெண்ணை அவர் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"இப்ப ஆயாச்சு" என்றார்.

காக்கிச் சட்டைக்காரர் அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கயிறு கட்டிய பழைய அலமாரியைப் பார்த்தார். அந்த மனிதருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நோட்டை மூடினார். "எங்கில் இன்னு தன்னெ கொண்டு போகணும். இங்கே நின்னா எனக்கு எழுதேண்டி வரும்" என்றார். போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

அலமாரியை இன்றைக்கே அக்கரைக்கு அனுப்பியாக வேண்டும், வேறு வழியில்லை. ஆறு பேர் வந்தார்கள். தூக்குவதற்கு முன் சேச்சி தன் முண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். மேலே எட்டவில்லை. அத்தா அந்தத் துணியை வாங்கி மேலே துடைத்துக் கொடுத்தார்.  அன்றுதான் அது முதன்முறையாக மாடிக்காரர் கண்ணெதிரே வெளியே போனது. சத்தம் போட யாருக்கும் மனம் வரவில்லை. நான் துறை வரை பின்னாலேயே ஓடினேன். வள்ளத்தில் அதை மல்லாக்கக் கிடத்தினார்கள். கண்ணாடிக்குள் வானம் விழுந்தது. காயலின் நடுவில் ஒரு துண்டு வானம் தனியாக மிதந்து, தூசிக்கும் வெயிலுக்கும் அப்பால் சின்னதாகி, வல்லார்பாடம் தீவுப் பக்கத்து ஒளியில் கரைந்து போகும் வரை நின்றேன்.

திரும்பி வரும்போது மாடிக்காரர் ஜன்னலிலிருந்து கீழே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணு போச்சு. இன்னும் பதினொண்ணு உள்ளே இருக்கு."

அவர் கெட்டவர் அல்ல, எங்கள் வீட்டார்தான் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டே செத்துப் போனார்கள். அவருக்கு ஏழைகள் மேல் உண்மையான இரக்கம் இருந்தது. அந்த ஏழைகள் நாங்கள்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அறை தப்பியது. அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அலமாரி திரும்பி வரவில்லை. மாடிக்காரரின் ஜன்னல் அங்கேயே இருந்தது, எப்படிக் கொண்டு வருவது? அதற்குப் பிறகு லைனில் பெண் பார்க்க வந்தவர்கள் அட்டை டிரம்களைத்தான் பார்த்தார்கள். நான்காம் அறைப் பெண்ணுக்கு வந்த நல்ல இடம் ஒன்று தட்டிப் போனது. அவள் தாயார் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சுவருக்கு மேலாக அந்த ஒரு வீட்டுப் பேச்சு மட்டும் எங்களுக்கு வராமல் போனது. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. சேச்சி மட்டும் பழையபடியே என்னைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டார். "குட்டி சத்தியம் தானே பறஞ்சது. அந்த அலமாரி நம்ம எல்லாருக்கும் உள்ளது" என்பார். நான் அழுவேன்.

மாப்பிள்ளையின் தாயார், பிறகு எங்கள் எல்லோருக்குமே மாமி, நெடுங்காலம் இருந்தார். கலூரில் அவர்கள் வீடும் ஓர் அறைதான். அலமாரி உள்ளே நுழையாமல் தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்தி நின்றது. ஒரு நாள், அவருக்குக் கண் மங்கிய பிறகு, நான் கேட்டுவிட்டேன்.

"மாமி, அன்னிக்கு எப்படி உங்களுக்கு அப்படிச் சொல்லத் தோணுச்சு?"

"அந்த அலமாரியை நான் முன்னமே பார்த்திருக்கேன்டி. என் தங்கச்சி மகனுக்குப் பொண்ணு பார்க்க உங்க லைனுக்கு வந்திருக்கேனே. ஒன்பதாம் நம்பர். அதே கயிறு, அதே கறை. உங்க வீட்டுல பார்த்ததும், கள்ளக் கூட்டம்னு நினைச்சு எழுந்து போகத்தான் இருந்தேன்."

"அப்புறம்?"

"கழுத்துல கிடந்த சங்கிலி உறுத்துச்சு. அது பக்கத்து வீட்டுக்காரியோடது" என்று சிரித்தார்.

தாளைக் கையெழுத்து இல்லாமலே திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த நான்கு நாளும் நானும் உங்களைப் போல் ஜன்னலில்தான் இருந்தேன். மதிலுக்கு அப்பால் காலையில் ஒரு வாசலில் சிவப்பு ஸ்கூட்டர் நிற்கிறது, மத்தியானம் வேறு வாசலில், சாயங்காலம் இன்னொன்றில். ஒரு தடவை யாரோ ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. நாளை நடக்கப் போகும்போது கொஞ்சம் மதிலோரம் நின்று பாருங்கள். எந்த வாசலில் நின்றாலும் அதன் பின்விளக்கு உடைந்திருக்கும், உடைந்த இடத்தில் யாரோ ஒரு நீலக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.